நான்குக்கு மூன்று: ஒரு கோப்பை இறுதியாட்டமும் சில கேள்விகளும்

சென்ற இதழில் கிளாஸ்கோவில் உள்ள என் தையல் கடையைப் பற்றி எழுதும்போது, "நான் நேரில் பார்த்த ஆட்டங்களிலேயே மனதை விட்டுப் போகாதது, இரண்டு ஸ்காட்லாந்து கிளப்புகளின் பெண்கள் மோதிய ஒரு கோப்பை இறுதியாட்டம்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையை விட அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் அதிகம் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை தையல் இல்லை, கால்பந்துதான்.

அது எந்த ஆட்டம் என்று சொல்லாமலே விட்டுவிட்டீர்களே அக்கா? அப்படி என்னதான் நடந்தது? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

2019 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்டிஷ் மகளிர் கோப்பையின் இறுதியாட்டம். ஒரு பக்கம் எங்கள் ஊர் கிளாஸ்கோ சிட்டி, மறுபக்கம் எடின்பரோவின் ஹிபர்னியன். இங்கே எல்லாரும் ஹிப்ஸ் என்பார்கள்.

நானாகப் போகவில்லை தங்கச்சி. மகளுக்கு அப்போது பதினொரு வயது, பக்கத்து மைதானத்தில் சிறுமிகள் அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிப் போகிறார், துணைக்கு நாலைந்து அம்மாக்கள் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, கிளம்பிவிட்டேன். குயீன் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி எடின்பரோ ஹேமார்க்கெட்டில் இறங்கி, கார்கி ரோடு வழியாக நடை. அந்தத் தெருவில் ஒரு வாசனை வரும். பக்கத்தில் விஸ்கிக்குத் தானியம் அவிக்கிற ஆலை இருக்கிறது. எனக்கு அது ஊரில் நெல் அவிக்கிற நாள் மாதிரியே இருந்தது. அந்த வாசனையோடுதான் டைன்காசில் மைதானத்துக்குள் நுழைந்தேன்.

டைன்காசில் யாருடைய மைதானம் தெரியுமா? ஹார்ட்ஸ் கிளப்புடையது. ஹார்ட்ஸும் ஹிப்ஸும் ஒரே ஊரில் இருக்கும் பங்காளிகள், நூறு வருடத்துக்கும் மேலான பகை. ஆக, ஹிப்ஸ் பெண்கள் சொந்த ஊரிலேயே எதிராளி வீட்டு முற்றத்தில் கோப்பைக்கு ஆட வேண்டியிருந்தது. அவர்கள் 2016 முதல் 2018 வரை மூன்று வருடமும் தொடர்ந்து கோப்பையைக் கொண்டு போனவர்கள். சிட்டி வருடா வருடம் லீக்கை ஜெயித்தாலும், இந்தக் கோப்பை மட்டும் 2015க்குப் பிறகு கைக்கு வரவில்லை.

கூட்டம் 3,123 பேர். இருபதாயிரம் பேர் உட்காரும் இடம் அது. காலி நாற்காலிகளைப் பார்த்து முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அந்த வருத்தம் போய்விட்டது, காரணம் சத்தம். அங்கே பார்வையாளர் இருக்கைகள் கோட்டுக்கு மிகப் பக்கத்தில், செங்குத்தாக ஏறிப் போகும். கூட்டம் குறைவாக இருந்ததால் பந்து பூட்ஸில் படும் ஓசை, கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரிகளைப் பேர் சொல்லி அதட்டுவது, மோதி விழுகையில் மூச்சு வாங்குவது எல்லாம் காதில் விழுந்தது. தொலைக்காட்சியில் அறுபதாயிரம் பேர் கத்தும் ஆட்டத்தில் இது ஒன்றும் கேட்காது. எங்கள் பிள்ளைகள் அன்று கற்றுக்கொண்டது அதைத்தான். மைதானத்தில் பெண்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த வாரம் பயிற்சியில் எங்கள் பிள்ளைகளும் வாய் திறந்து கத்தினார்கள், அதற்கு முன் ஊமையாக ஓடுவார்கள்.

கோல்களை வரிசையாகச் சொல்லப் போவதில்லை. மொத்தம் ஏழு. ஒரு இறுதியாட்டத்தில் ஏழு கோல்! ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மூன்றுக்கு மூன்று. எக்ஸ்ட்ரா டைம் வரும், ரயிலைப் பிடிக்க முடியாது என்று நாங்கள் அம்மாக்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். அப்போதுதான் சிட்டியின் க்ளேர் ஷைன் நான்காவதை அடித்தார்.

க்ளேர் ஷைன் அயர்லாந்தின் கார்க் ஊர்க்காரர். மன அழுத்தத்தில் விழுந்து, கால்பந்தை விட்டு விலகும் நிலைக்குப் போய், திரும்பி வந்தவர். பின்னாளில் அதை அவரே வெளிப்படையாகப் பேசினார். அன்றைக்கு எனக்கு அந்தக் கதை ஒன்றும் தெரியாது. ஆரஞ்சு நிறச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குவிந்ததும், மகள் என் கோட்டின் கையைப் பிடித்து இழுத்ததில் தோள் தையல் விட்டதும்தான் நினைவில் இருக்கிறது. அந்தத் தையலைப் பிரிந்த இடம் தெரியாமல் தைக்க எனக்குத் தெரியும். இருந்தும் வேறு நிறத்தில், ஆரஞ்சு நூலில் தைத்தேன். அந்தக் கோட்டைத்தான் இன்றும் போடுகிறேன்.

நவம்பரிலா கோப்பை இறுதியாட்டம்? ஸ்காட்லாந்தில் அது மே மாதம் அல்லவா நடக்கும்? (வங்கி ஊழியர், சேலம்)

ஆண்களுக்கு மே. பெண்களுக்கு அப்போது பருவம் வசந்தத்தில் தொடங்கி ஆண்டு முடிவில் முடியும். அதன் பிறகு அவர்களும் குளிர்காலப் பருவத்துக்கு மாறினார்கள். இப்போது மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ இறுதியாட்டம்.

கிளாஸ்கோவின் பெரிய கிளப்புகள் ரேஞ்சர்ஸ், செல்டிக் என்றால் தெரியும். கிளாஸ்கோ சிட்டி என்று ஒரு கிளப்பை நான் கேள்விப்பட்டதே இல்லையே? (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, நீங்கள் கேள்விப்படாததற்குக் காரணம், அவர்களுக்கு ஆண்கள் அணியே கிடையாது. 1998இல் லாரா மாண்ட்கோமெரி, காஸி ஸ்டூவர்ட் என்ற இரண்டு பெண்கள் தொடங்கிய கிளப். பெரிய கிளப்பின் பெயரோ பணமோ பின்னால் இல்லாமல், தொடர்ந்து 14 முறை லீக் பட்டம் வென்றார்கள். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் இரண்டு தடவை கால் இறுதி வரைக்கும் போனார்கள். மது, சூதாட்டக் கம்பெனிகளின் பெயரைச் சட்டையில் போட மாட்டோம் என்று சொன்னவர்கள். ஒரு காலத்தில் விளம்பரம் இருக்க வேண்டிய இடத்தில், "கண்ணால் பார்க்காத ஒன்றாக யாரும் ஆக முடியாது" என்ற பொருளில் ஒரு வாசகத்தை அச்சிட்டுக்கொண்டு ஆடினார்கள்.

நான் துணியோடு புழங்குகிறவள். ஒரு சட்டையின் நெஞ்சுப் பகுதி எவ்வளவு விலைபோகும் இடம் என்று எனக்குத் தெரியும். பணத்துக்குத் தட்டுப்பாடான கிளப் அந்த இடத்தை இப்படிப் பயன்படுத்தியது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. என் சார்பு எந்தப் பக்கம் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும், அதை மறைக்கவும் விரும்பவில்லை.

ஆண்கள் ஆட்டத்தை விட நேரம் குறைவா? பந்து சிறியதா? (பள்ளி மாணவன், ஈரோடு)

இல்லை தம்பி. அதே 90 நிமிடம், அதே 5ஆம் எண் பந்து, அதே கோல் கம்பம். இறுதியாட்டம் சமனில் நின்றால் 30 நிமிடம் எக்ஸ்ட்ரா டைம், அதிலும் தீராவிட்டால் பெனால்டி. 2016 இறுதியாட்டம் இதே சிட்டிக்கும் ஹிப்ஸுக்கும்தான். பெனால்டி வரை போய் ஹிப்ஸ் ஜெயித்தது.

ஸ்காட்லாந்தின் தேசிய மைதானமான ஹாம்ப்டனில் பெண்கள் கோப்பையின் இறுதியாட்டம் 2023இல்தான் முதன்முறையாக நடந்தது என்று படித்தேன். கால்பந்து இவ்வளவு வேரூன்றிய நாட்டில் ஏன் இத்தனை தாமதம்? (பத்திரிகை வாசகி, மதுரை)

தாமதம் என்ற சொல் போதாது. தடுத்தார்கள்.

பெண்களுக்கு ஆட வரவில்லை என்பதெல்லாம் பொய். 1881 மே 9 அன்றே, எடின்பரோவில் ஈஸ்டர் ரோடு மைதானத்தில், ஸ்காட்லாந்து என்றும் இங்கிலாந்து என்றும் பெயர் வைத்துக்கொண்டு பெண்கள் அணிகள் ஆடின. ஸ்காட்லாந்து 3-0. ஒரு வாரத்தில் கிளாஸ்கோவின் ஷாஃபீல்டில் மறுபடி ஆடியபோது கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. அந்தப் பெண்கள் குதிரை வண்டியில் ஏறித் தப்பிக்க வேண்டியதாயிற்று. 1921 டிசம்பர் 5இல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், பெண்களின் ஆட்டத்துக்கு மைதானம் தரக் கூடாது என்று தன் கிளப்புகளுக்குச் சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்துச் சங்கமும் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 1971இல் ஐரோப்பியச் சங்கங்கள் கூடி, பெண்கள் கால்பந்தை ஏற்றுக்கொள்ளலாமா என்று வாக்கெடுத்தன. ஏற்கலாம் என்று 31 நாடுகள். கூடாது என்று ஒரே ஒரு நாடு. அந்த ஒன்று ஸ்காட்லாந்து. தடை முழுசாக நீங்க 1974 ஆயிற்று.

டைன்காசிலில் அன்று எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்க், கழுத்தில் ஆரஞ்சு மஃப்ளர். எழுபதுகளில் தானும் ஆடியதாகச் சொன்னார். உடை மாற்ற அறை இருக்காது, கோல் கம்பத்தில் வலை இருக்காது, சேற்றுக் காலோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்களாம். பாதி வரலாறு எனக்கு அவர் வாயிலிருந்து கிடைத்தது, மீதியைப் பிறகு தேடிப் படித்தேன்.

படித்ததில் என்னை உலுக்கியது ரோஸ் ரெய்லியின் வாழ்க்கை. ஸ்டூவர்ட்டன் என்ற சின்ன ஊரின் பெண். பையன்கள் அணியில் ஆடுவதற்காக முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பெயரை ராஸ் என்று மாற்றிக்கொண்டாள். செல்டிக் கிளப்பின் ஆள்தேடுபவர் ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அந்தப் 'பையனை' எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார், பெண் என்று தெரிந்ததும் முடிந்தது. 1971இல் இங்கிலாந்தில் நடந்த முதல் மகளிர் கோப்பையின் இறுதியாட்டத்தில் சௌதாம்ப்டனோடு மோதித் தோற்றது எந்த அணி என்று நினைக்கிறீர்கள்? ரோஸின் ஸ்டூவர்ட்டன் திஸில். இங்கிலாந்தின் கோப்பையில் ஒரு ஸ்காட்லாந்து ஊர்! 1972 நவம்பரில் கிரீனாக்கில், ஸ்காட்லாந்துப் பெண்களின் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ரோஸ் கோல் அடித்தார், ஆட்டம் 3-2 என்று இங்கிலாந்துக்குப் போனது. பிறகு பிரான்சுக்கும் இத்தாலிக்கும் ஆடப் போனார். 1975இல் சொந்த நாட்டின் மகளிர் சங்கமே அவருக்கு ஆயுள் தடை போட்டது. அவர் என்ன செய்தார்? இத்தாலியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, 1984இல் முண்டியாலிடோ கோப்பையை வென்றார். அந்தக் காலத்தில் பெண்களுக்கு உலகக் கோப்பை என்று சொல்லிக்கொள்ள இருந்தது அதுதான். ஸ்காட்லாந்து கால்பந்தின் புகழ் மண்டபத்தில் முதல் பெண்ணாக அவர் பெயரைச் சேர்த்தது 2007இல்.

ஆகவே 2023 மே 28 அன்று, செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் இறுதியாட்டத்துக்காக ஹாம்ப்டன் புல்லில் கால் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. இரண்டும் என் கிளப் இல்லை. செல்டிக் 2-0 என்று ஜெயித்தது. கூட்டம் 10,446. டைன்காசிலை நினைத்தால் மூன்று மடங்கு. ஆட்டம் என்ற அளவில் 2019இன் அருகில்கூட வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ரேஞ்சர்ஸ், செல்டிக் எல்லாம் பெண்கள் அணிக்குப் பணம் கொட்டுகிறார்களாமே. சிட்டி மாதிரிச் சின்ன கிளப்புகள் அழிந்துவிடாதா? (மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்)

பயம் எனக்கும் உண்டு. 2025 ஜூன் 1, ஹாம்ப்டனில் ரேஞ்சர்ஸ் 3-0 என்று சிட்டியை வென்றதைப் பார்த்துவிட்டு வீடு வரை பேசாமல்தான் நடந்து வந்தேன். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமும் ஆடும் பெண்ணைப் பார்த்து, "பணம் வந்து கெட்டுப்போச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் பயிற்சிக்குப் போய் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் இவர்களுக்கு முந்தைய தலைமுறை. கூலியில்லாத உழைப்பைத் தியாகம் என்று சொல்லிக் கும்பிடுவதை நான் வீட்டு வேலையிலும் ஏற்பதில்லை, மைதானத்திலும் ஏற்பதில்லை.

அதோடு, சிட்டி அழிந்துவிடவில்லை. 2023இல் லீகின் கடைசி நாள், ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸுக்கே போய், 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துத் தரும் நிமிடங்களில் லாரன் டேவிட்சன் அடித்த ஒரே கோலில் பட்டத்தைத் தூக்கி வந்தது. 2025இல் லீகை ஜெயித்தது ஹிப்ஸ். என் கவலை வேறு இடத்தில். பெரிய கிளப்புக்குப் பணமுடை வந்தால் முதலில் கத்தரி விழுவது பெண்கள் அணி மேல்தான். சிட்டியில் அப்படி வெட்ட முடியாது, அவர்களே அதன் முழுத்துணி.

ஆங்கிலம் தவிர வேறு மொழியில் அங்கே வர்ணனை உண்டா? (தமிழாசிரியர், காரைக்குடி)

உண்டு ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி. பிபிசி ஆல்பா என்று கேலிக் மொழிக்கு ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. பெண்கள் கால்பந்தை வேறு யாரும் சீந்தாத காலத்திலிருந்து அவர்கள் காட்டி வருகிறார்கள். கேலிக் பேசத் தெரிந்தவர்கள் ஸ்காட்லாந்தில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 70,000 பேர்தான். சிறிய மொழியும் ஒதுக்கப்பட்ட ஆட்டமும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்திருக்கின்றன.

எனக்கு அந்த மொழி தெரியாது. கடையில் துணி வெட்டும்போது அந்த வர்ணனையை ஓட விடுவேன். ஒரே ஒரு சொல் பிடிபட்டது: கால்பந்துக்கு அவர்கள் சொல்வது 'பல் கோஷ'. 'பல்' என்றால் பந்து, 'கோஷ' என்றால் காலின். நம் சொல்லைத் திருப்பிப் போட்டது மாதிரியே இருக்கிறது.

என் மகளுக்கு 13 வயது. பள்ளி அணியில் நன்றாக ஆடுகிறாள். "வயசுக்கு வந்த பிள்ளைக்கு அரை டிரவுசர் எதுக்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். மகளும் இப்போதெல்லாம் ஆடும்போது கால்சட்டையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறாள். வெட்கப்படுகிறாளோ என்று எனக்கே சந்தேகம். (தாய், விழுப்புரம்)

சகோதரி, மகளிடம் கேட்பதற்கு முன்னால் அந்தக் கால்சட்டையை எடுத்துத் தரையில் விரித்துப் பாருங்கள்.

என் மகள் ஆடிய அணிக்குப் பையன்களுக்கு வெட்டிய உடைகளைத்தான் கொடுத்தார்கள். இடுப்பு தொளதொள, இடுப்பெலும்பு வரும் இடத்தில் இறுக்கம், தொடை ஓரம் மேலே ஏறும். ஒரு பெண் ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கு முன்பும் பந்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஓரத்தை இழுத்துவிட்டுத்தான் பந்தை எடுப்பாள். எல்லாரும் கூச்சம் என்றார்கள். நான் அந்தப் பதினாறு கால்சட்டையையும் ஒரு சனிக்கிழமை இரவு வீட்டுக்குக் கொண்டு வந்து பக்கத் தையலைப் பிரித்து, பட்டை கொடுத்து, காலிடையில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தேன். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெண் ஒரு தடவைகூட இழுக்கவில்லை. வெட்கம் பிள்ளையிடம் இல்லை, வெட்டில் இருந்தது.

இன்னொன்று, நிறம். வெள்ளையாக இருந்தால் மாதத்தில் சில நாட்கள் பிள்ளைக்கு மனம் ஆட்டத்தில் இருக்காது. இங்கிலாந்து மகளிர் அணியே இதைச் சொல்லி, 2023இல் வெள்ளைக் கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. உங்கள் பள்ளியில் அடர்நிறம் கேளுங்கள். உள்ளே முழங்கால் வரை ஒட்டிய ஒரு கறுப்பு கால்சட்டை போடச் சொல்லுங்கள், பெரியவர்களின் வாயும் கொஞ்சம் அடங்கும். ஊர்த் தையல்காரருக்குப் புரியாவிட்டால் எழுதுங்கள், அளவு வரைந்து அனுப்புகிறேன். அவள் ஆட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

என் மகன் கிளாஸ்கோவில் மேற்படிப்புக்கு வருகிறான். இறுதியாட்டம் பார்க்க எப்படிப் போவது என்று அவனுக்குச் சொல்லுங்களேன். (வாசகர், திருச்சி)

கிளாஸ்கோ சென்ட்ரலில் ரயில் ஏறி மவுண்ட் ஃப்ளோரிடாவில் இறங்கச் சொல்லுங்கள். பத்து நிமிடப் பயணம், பிறகு கூட்டத்தோடு நடந்தால் ஹாம்ப்டன். மே மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு வர வேண்டாம், குளிரும் மழையும் சொல்லிக்கொண்டு வராது. வேறொரு நாள் தனியாக ஒரு தடவை வரட்டும். மைதானத்துக்குள்ளேயே ஸ்காட்லாந்து கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது, புகழ் மண்டபமும் அதிலேயே. அங்கே ரோஸ் ரெய்லியின் பெயரைத் தேடிப் பார்க்கட்டும். ஊர் வந்து சேர்ந்ததும் என் கடைக்கும் வரச் சொல்லுங்கள், கோட் பெரிதாக இருந்தால் பிடித்துத் தருகிறேன்.